ஊத்தப் போறேன்னு உங்க அண்ணன்கிட்ட சொல்லு

அந்தச் சின்னக் காருக்கு ஆயிலும் ஃபில்டரும் மாற்றுவது ஓர் ஆள் வேலை. ஊசியக்கா வீட்டில் அதற்கு மூன்று பேர் தேவைப்பட்டார்கள். காருக்கு அடியில் மல்லாந்து படுத்திருக்க அவளுடைய அண்ணன். முன்பக்கம் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உள்ளே உற்றுப் பார்க்க அவளுடைய கணவர். இவர் சொல்வதை அவரிடமும் அவர் சொல்வதை இவரிடமும் கொண்டுபோய்ச் சேர்க்க ஊசியக்கா. ஏனென்றால் மேலே நின்றவரும் கீழே படுத்திருந்தவரும் இரண்டு வருடமாகப் பேசிக்கொள்வதில்லை.

இரண்டு பேருக்கும் நடுவில் இருந்த தூரம் ஒரு என்ஜின். கொட்டாவி விட்டால்கூடக் கேட்கும்.

பேச்சு நின்றதற்குக் காரணம் உலகை உலுக்கிய விஷயம்தான். ஒரு சொந்தக்காரர் வீட்டு விசேஷத்தில், குறுகலான சந்தில் கணவர் காரை ரிவர்ஸ் எடுத்தார். இடது பக்கக் கண்ணாடி சுவரில் உரசி உடைந்தது. கூடியிருந்த அத்தனை பேர் முன்னாலும் அண்ணன், "மாப்ள, நீங்க இறங்குங்க, நான் எடுத்துக் காட்டுறேன்" என்றார். எடுத்தும் காட்டினார். வலது பக்கக் கண்ணாடி எதிர்ச் சுவரில் உடைந்தது. அன்றிலிருந்து இவர் அவர் உடைத்த கண்ணாடியைப் பற்றி மட்டும் பேசுவார், அவர் இவர் உடைத்ததைப் பற்றி மட்டும். கார் ஊசியக்காவுடையது, அவள் சேமிப்பில் வாங்கியது என்பதை இருவருமே மறந்து ரொம்ப நாள் ஆகிவிட்டது.

ஊசியக்கா என்பது தெருப் பிள்ளைகள் வைத்த பெயர். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஊசி குத்தி ரத்தம் எடுப்பது அவள் வேலை. ஜன்னல் இல்லாத ஓர் அறையில், டியூப் லைட்டுக்கு அடியில், ஒரு கையை முடித்து அடுத்த கையைப் பிடிக்கும் வேலை. இப்போது அங்கே புதிதாக ஒரு பொறுப்பு வந்திருந்தது. படுத்த படுக்கையாக இருப்பவர்கள் வீடு தேடிப் போய் ரத்தம் எடுத்து வர வேண்டும். விடிகாலையில் கிளம்பி, தானே வண்டி ஓட்டி, வீடு வீடாக. மேலதிகாரி அம்மா அவளைத்தான் நினைத்திருந்தாள். ஆனால் லைசென்ஸ் வேண்டும். இரண்டு முறை டெஸ்டுக்குப் போய் இரண்டு முறையும் தோற்றாயிற்று. "இன்னொரு தடவை பாருங்க. இந்த வெள்ளிக்கிழமைக்குள்ள கையில லைசென்ஸ் இல்லன்னா நான் வேற ஆளைப் போடுறதைத் தவிர வழியில்ல" என்று சொல்லிவிட்டாள்.

இன்றைக்கு வெள்ளிக்கிழமை. டெஸ்ட் மூன்று மணிக்கு. அதற்காகத்தான் காலையிலேயே காரைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, அக்கக்காகக் கழற்றிக்கொண்டிருந்தார்கள்.

வேறு நாளே கிடைக்கவில்லையா என்று அவளும் கேட்டுப் பார்த்தாள்.

"போன தடவை ஏன் ஃபெயிலான? என்ஜின் அணைஞ்சு அணைஞ்சு போச்சு. ஏன் அணைஞ்சது? ஆயில் கெட்டுப் போச்சு. அந்த ஆயிலோட திரும்பவும் போய் நிக்கப் போறியா?" என்றார் கணவர். காப்பீட்டு நிறுவனத்தில் பிறர் வண்டிகளுக்கு நேர்ந்த விபத்துகளைப் படித்துக் கையெழுத்துப் போடுகிறவர். ஆகவே வண்டிகளைப் பற்றி அவருக்குத் தெரியாதது எதுவும் இல்லை.

உண்மையில் என்ஜின் அணைந்ததற்குக் காரணம் வேறு. டெஸ்ட் நடக்கும் மைதானத்து வேலிக்கு வெளியே நின்றுகொண்டு, இல்லாத கிளச்சைக் காலால் மிதித்து மிதித்துக் காட்டி, "விடு... விடு... இப்ப விடாத" என்று வாயசைத்த ஒருவர்தான் காரணம். அவர் யார் என்று சொல்லத் தேவையில்லை. அவரைப் பார்த்ததும் அவள் கால் தந்தியடிக்க ஆரம்பித்துவிடும்.

மெக்கானிக்கிடம் விடலாம் என்றால், "அவங்க பழைய ஆயிலையே வடிகட்டி ஊத்துவாங்க" என்று ஒரே போடாகப் போட்டார் கணவர். வாரம் முழுக்க வீடியோ பார்த்து எல்லாம் தெரிந்து வைத்திருந்தார். இல்லாதது ஒரே ஒரு ஸ்பேனர். அண்ணனிடம் ஸ்பேனர் மூட்டை மூட்டையாக இருந்தது. ஃப்ரிட்ஜ் ரிப்பேர் செய்கிறவர். கார் வேலை தெரியாதே தவிர, "மெஷின்னா எல்லாம் ஒண்ணுதான்" என்ற தைரியம் நிறைய உண்டு. தங்கைக்கு ஒரு அவசரம் என்றதும் டூல் பாக்ஸோடு ஓடி வந்துவிட்டார். அவளுக்காகத்தான் வந்தார். அதை வந்ததிலிருந்து நாலைந்து தடவை சொல்லியும் விட்டார்.

"பாப்பா, ட்ரே எங்கன்னு கேளு" என்று காருக்கு அடியிலிருந்து குரல் வந்தது. நாற்பது வயது தாண்டிய பாப்பா திரும்பினாள்.

"என்னங்க, ட்ரே எங்கன்னு கேக்குறார்."

"அவர் தலைமாட்டுலதான் இருக்குன்னு சொல்லு."

"அண்ணே, உன் தலைமாட்டுல."

"அதை முன்னாடியே சொல்றதுக்கென்னன்னு கேளு."

அவள் அதைக் கேட்கவில்லை. இந்த வேலையில் அவளுக்கு இருந்த ஒரே சுதந்திரம் அதுதான், பாதியை விழுங்குவது. "ஃப்ரிட்ஜுன்னு நெனச்சு கேஸ் கீஸ் அடிச்சிடப் போறார், பாத்துன்னு சொல்லு" என்று மேலிருந்து வந்தால், கீழே "பாத்துப் பண்ணணுமாம்" என்று மட்டும் போகும். "வீடியோவுல கார் ஓட்டினவருக்கெல்லாம் நான் பதில் சொல்லணுமா" என்று கீழிருந்து வந்தால், மேலே "சரின்னு சொல்றார்" என்று போய்ச் சேரும்.

ஆரம்பத்தில் ஒரு தடவை, "அதான் அவர் சொன்னது உங்களுக்கே கேட்டுச்சே" என்று சொல்லிப் பார்த்தாள்.

"எனக்கு ஒண்ணும் கேக்கல" என்றார் கணவர், கார்பரேட்டர் இல்லாத காரில் கார்பரேட்டரைத் தேடியபடி. "நீ சொன்னாத்தான் எனக்குத் தெரியும்."

"கரெக்ட்" என்றது அடியிலிருந்து. அந்த ஒரு விஷயத்தில் இருவருக்கும் கருத்து வேறுபாடே இல்லை.

மாடிப் பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த தபால்காரம்மா எட்டிப் பார்த்தாள். தபால் வேனை ஓட்டிக்கொண்டு ஊரெல்லாம் சுற்றுகிறவள். அவளுக்கு இன்றைக்கு விடுமுறை. "ஏங்க ஊசியக்கா," என்றாள், "ஒருத்தர் சொல்றதை இன்னொருத்தர்கிட்ட கொண்டுபோய்ச் சேக்குறதுக்கு எனக்குச் சம்பளம் தர்றாங்க. உங்களுக்கு?"

"மூணு வேளையும் நானே சமைச்சு நானே சாப்டுக்குறேன்" என்றாள் ஊசியக்கா.

வேலை நடக்கத்தான் செய்தது. என்ஜினைக் கொஞ்சம் ஓடவிட்டு ஆயிலைச் சூடாக்க வேண்டும் என்று மேலிருந்து செய்தி போனது. எவ்வளவு நேரம் என்று கீழிருந்து கேள்வி வந்தது. அடியிலுள்ள நட்டைக் கழற்றியதும் பழைய ஆயில் கன்னங்கரேலென்று ட்ரேயில் விழுந்தது. ஃபில்டர்தான் வரமாட்டேன் என்று அடம்பிடித்தது. எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று மட்டும் அவள் ஏழெட்டு முறை குனிந்து நிமிர்ந்திருப்பாள். கடைசியில் இருவரும் ஆளுக்கொரு பக்கம் சொன்னது ஒரே பக்கம்தான் என்று தெரிந்தது. ஒருவர் மேலிருந்து பார்த்தார், ஒருவர் கீழிருந்து பார்த்தார், அவ்வளவுதான். புது ஃபில்டரின் ரப்பர் வளையத்தில் விரலால் ஆயிலைத் தடவ வேண்டும், கையால் மட்டும்தான் இறுக்க வேண்டும், நட்டுக்குப் புது வாஷர் போட வேண்டும், அதற்குப் பிறகுதான் ஊற்ற வேண்டும். எல்லாமே ஒரு தடவை அவள் காது வழியாகப் போய், இன்னொரு தடவை அவள் வாய் வழியாக வந்தது.

ஃபில்டர் உட்கார்ந்தது. இனி நட்டைப் போட்டு மூட வேண்டியதுதான் பாக்கி. அந்த நேரம் பார்த்து உள்ளே அவளுடைய போன் அடித்தது. சார்ஜில் போட்டிருந்தாள். மேலதிகாரி அம்மாவாகத்தான் இருக்கும்.

"ரெண்டு நிமிஷம், வந்துடறேன்" என்று உள்ளே ஓடினாள்.

அடுத்து நடந்ததை மாடியிலிருந்து பார்த்த தபால்காரம்மாதான் பிறகு முழுசாகச் சொன்னாள். அண்ணன் வாஷரை நட்டில் மாட்டும்போது, பிசுபிசுத்த கையிலிருந்து நட்டு நழுவி ட்ரேயில் இருந்த கறுப்பு ஆயிலுக்குள் விழுந்தது. அவர் கையை விட்டுத் துழாவிக்கொண்டே, ஆள் இல்லை என்று தெரியாமல், "பாப்பா, நட்டு உள்ள விழுந்துடுச்சு. தேடிட்டிருக்கேன். இப்ப ஊத்த வேணாம்னு சொல்லு" என்றார்.

பாப்பா அங்கே இல்லை. இரண்டடி தூரத்தில் புது ஆயில் கேனோடு நின்ற கணவர் இருந்தார். கேட்டது. ஒவ்வொரு வார்த்தையும் தெளிவாகக் கேட்டது. ஆனால் அது பாப்பாவிடம் சொல்லப்பட்டது. அவரிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. அடுத்த வீட்டுக்கு வந்த கடிதத்தைப் பிரித்துப் படிக்கிற பழக்கம் அவருக்கு இல்லை.

அவரும் முறைப்படிதான் நடந்துகொண்டார். வெறும் காற்றைப் பார்த்து, "ஊத்தப் போறேன்னு உங்க அண்ணன்கிட்ட சொல்லு" என்றார். மறுப்பு ஒன்றும் வரவில்லை. மூடியைத் திறந்து ஊற்ற ஆரம்பித்தார்.

உள்ளே மேலதிகாரி அம்மா, "கிளம்பிட்டீங்களா? இன்னைக்கு எப்படியும் வாங்கிடுவீங்கல்ல? திங்கள் காலையில முதல் வீட்டுக்கு ஆள் போட்டே ஆகணும்" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். ஊசியக்கா பதில் சொல்வதற்குள் வெளியே அலறல்.

"பாப்பா! பாப்பா! உன் வீட்டுக்காரர நிறுத்தச் சொல்லு பாப்பா!"

போனோடு ஓடி வந்தாள். தேன் நிறத்தில், பளபளவென்று, புத்தம் புது ஆயில் என்ஜினுக்குள் நுழைந்து, ஒரு நிமிடம்கூடத் தங்காமல், திறந்த ஓட்டை வழியாக அண்ணன் சட்டையில் இறங்கிக்கொண்டிருந்தது. அவர் ட்ரேயை இழுத்ததில் அது சாய்ந்து பழையதும் தரையில் ஓடிக்கொண்டிருந்தது. அந்த நிலையிலும் அவர் மாப்பிள்ளையைப் பார்த்து நேராக "நிறுத்து" என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த அலறலைக் கேட்டுக்கொண்டே, முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல், கணவர் கடைசிச் சொட்டு வரை கேனைக் கவிழ்த்துப் பிடித்திருந்தார்.

"நிறுத்தச் சொல்றாருங்க!" என்றாள்.

"ஓ, அப்படியா" என்று நிறுத்தினார். கேன் காலி.

அண்ணன் ஊர்ந்து வெளியே வந்தார். கழுத்திலிருந்து இடுப்பு வரை ஆயில். கணவர் குனிந்து தரையைப் பார்த்தார். இரண்டு வருடத்தில் முதல் முறையாக இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கைகலப்புதான் ஆகப்போகிறது என்று ஊசியக்கா நினைத்தாள்.

"இவ எதுக்கு இப்ப உள்ள போனா?" என்றார் கணவர்.

"அதானே மாப்ள!" என்றார் அண்ணன். "வேலை நடக்கும்போது நடுவுல யாராவது போன் பேசப் போவாங்களா?"

"நானும் அதைத்தான் சொல்றேன் மச்சான். பொறுப்பு வேணாம்?"

"சின்ன வயசுலேர்ந்தே இவ இப்படித்தான் மாப்ள. ஒரு இடத்துல நிக்க மாட்டா."

"இங்கயும் அதே கதைதான் மச்சான்!"

இரண்டு வருடப் பகை. எத்தனை பேர் சமாதானம் பேசியிருப்பார்கள். யாராலும் ஆகாதது ஒரு நிமிடத்தில் ஆகிவிட்டது. தப்பு அவள் மேல் என்று இருவருக்கும் ஒரே நேரத்தில் தோன்றுவதுதான் வழி என்று முன்பே தெரிந்திருந்தால், அவள் எப்போதோ ஏதாவது ஒரு தப்பைச் செய்து வைத்திருப்பாள்.

கையிலிருந்த போனிலிருந்து, "என்ன சத்தம் அது? வீட்ல எல்லாரும் நல்லா இருக்காங்களா?" என்று குரல் வந்தது.

"ரொம்ப நல்லா இருக்காங்க மேடம். ராசியாயிட்டாங்க. நான் அப்புறம் கூப்புடறேன்" என்று வைத்தாள்.

மணி ஒன்றரை தாண்டியிருந்தது. டெஸ்டுக்கு அவளேதான் வண்டி கொண்டுபோக வேண்டும். அந்த வண்டி சொட்டு ஆயில் இல்லாமல் நான்கு காலையும் தூக்கிக்கொண்டு நிற்கிறது. அவளுக்கு அழுகை வரும்போல் இருந்தது. அழுதால், அதை எப்படி நிறுத்துவது என்று இருவரும் கலந்து பேச ஆரம்பித்துவிடுவார்கள் என்ற பயத்தில் அடக்கிக்கொண்டாள்.

காலி கேனை எடுத்து மாடியைப் பார்த்துத் தூக்கிக் காட்டினாள். "தபால்காரம்மா! இதே ஆயில் வேணும். எழுதியிருக்கிற நம்பரைப் படிக்கிறேன், அதேதான் இருக்கணும்."

"வேண்டாம், கேனையே குடுங்க. நம்பரோட கொண்டுபோனா கடைக்காரர் ஏமாத்த முடியாது" என்று தபால்காரம்மா படியிறங்கி ஸ்கூட்டரை எடுத்தாள்.

"நாங்க போய் வாங்கிட்டு வரமாட்டோமா?" என்றார் கணவர், பங்காளிபோல அண்ணன் தோளில் கையைப் போட்டு, ஆயில் பட்டதும் எடுத்துக்கொண்டு.

"போவீங்க. எந்தக் கடைன்னு பேசி முடிவு பண்ணவே இருட்டிடும்."

ஊசியக்கா வேலைப் பையிலிருந்து கையுறையை எடுத்து மாட்டினாள். ட்ரேயில் மிச்சமிருந்த கறுப்பில் விரலை விட்டு, அவசரப்படாமல், அடியோடு தடவினாள். பூனை முடி மாதிரி மெலிந்து ஒளிந்துகொள்ளும் நரம்புகளைத் தோலுக்கு அடியில் தேடிப் பிடிக்கிற விரல்கள். நட்டு அகப்பட்டது. துடைத்து, வழுக்கிய கையுறையைக் கழற்றிவிட்டு, வாஷர் மாட்டி, பாய் ஒன்றை விரித்து அடியில் போனாள்.

"முதல்ல கையால ரெண்டு சுத்து" என்றார் அண்ணன் குனிந்து.

"அப்புறம்தான் ஸ்பேனர்" என்றார் கணவர் இந்தப் பக்கம் குனிந்து.

"நல்லா இறுக்கணும்."

"ரொம்பவும் இறுக்கக் கூடாது."

"அதைத்தான் மாப்ள நானும் சொல்றேன்."

"இதெல்லாம் காலையில நாந்தான் உங்க ரெண்டு பேருக்கும் சொன்னேன்" என்றது காருக்கு அடியிலிருந்து ஒரு குரல். "போய் மணல் அள்ளிட்டு வந்து தரையில கொட்டுங்க. அதுக்கு யாரும் வீடியோ பாக்க வேண்டியதில்ல."

போனார்கள். மணலை வாளியில் அள்ளுவதா, சாக்கில் அள்ளுவதா என்று பேசிக்கொண்டே போனார்கள். இரண்டு வருடம் அடக்கி வைத்த பேச்சு, கரை உடைத்துக்கொண்டு வந்தது.

ஆயில் வந்தது. புனலை வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினாள். கீழே குனிந்து பார்த்தாள். ஒழுகவில்லை. மிச்சத்தையும் ஊற்றினாள். அளவுக் கம்பியை உருவித் துடைத்து, விட்டு, எடுத்துப் பார்த்தாள். சாவியைத் திருப்பியதும் சிவப்பு விளக்கு எரிந்து அணைந்தது. ஓடவிட்டு, நிறுத்தி, ஃபில்டர் குடித்தது போக மறுபடி கம்பியைப் பார்த்தாள். கொஞ்சம் குறைந்திருந்தது. நிரப்பினாள். இந்தப் படிகள் அத்தனையையும் காலையில் மேலேயும் கீழேயும் கூவிக் கூவிச் சொன்னதில் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பாள்.

காரை ஸ்டாண்டிலிருந்து இறக்கித் திரும்பினால், இருவரும் குளித்து, தலை வாரித் தயாராக நிற்கிறார்கள். அண்ணன் சட்டை வீணாகிவிட்டதால் கணவருடைய சட்டை. தொப்பைக்கு நேராகப் பட்டன் மூச்சு முட்டிக்கொண்டிருந்தது.

"பக்கத்துல லைசென்ஸ் உள்ள ஆள் உக்காரணும்ல. நான் முன்னாடி, மச்சான் பின்னாடி" என்றார் கணவர்.

"வர்றப்ப நான் முன்னாடி. பேசிக்கிட்டோம்" என்றார் அண்ணன்.

அவள் தபால்காரம்மாவைப் பார்த்தாள். அவள் முன்கதவைத் திறந்து உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டாள்.

"ஏம்மா, எங்க ரெண்டு பேருக்கும் மொத்தம் பதினஞ்சு இருவது வருஷ எக்ஸ்பீரியன்ஸ்..."

"ஆளுக்கொரு கண்ணாடி எக்ஸ்பீரியன்ஸ்" என்று ஊசியக்கா கிளம்பிவிட்டாள்.

வழியெல்லாம் தபால்காரம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. பிரேக்கைப் பற்றிப் பேசவில்லை, கிளச்சைப் பற்றிப் பேசவில்லை. இரண்டாவது சிக்னலில் தூங்கியே போனாள். பக்கத்தில் ஒருவர் இப்படி நிம்மதியாகக் குறட்டை விடும்படி தான் வண்டி ஓட்டுவோம் என்று ஊசியக்கா நினைத்துப் பார்த்ததே இல்லை.

மைதானத்தில் ஆய்வாளர் ஏறி உட்கார்ந்ததும் மூக்கைச் சுருக்கினார். "என்ன வாசனை?"

"புது ஆயில் சார். இப்பதான் மாத்தினேன்."

"நீங்களேவா?"

"கடைசியில நான்தான் சார்."

அவர் அவள் நகக்கண்களில் இருந்த கறுப்பைப் பார்த்தார். "எடுங்க" என்றார்.

பழக்க தோஷத்தில் வேலிப் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். வேலி வெறும் வேலியாக இருந்தது. காலை மெதுவாக எடுத்தாள். வண்டி நகர்ந்தது. மேட்டில் நிறுத்தி எடுக்கச் சொன்னார், எடுத்தாள். இரண்டு கம்பத்துக்கு நடுவே பின்னால் போகச் சொன்னார். போனாள், எதுவும் உடையவில்லை. ஒரு தடவை என்ஜின் இருமியது. இருமட்டும் என்று விட்டாள். அதுவும் அடங்கிவிட்டது.

காகிதத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு ஆய்வாளர் அடுத்த வண்டிக்கு நடந்தார்.

அவள் ஓரமாக நிறுத்தினாள். வண்டியிலிருந்து இறங்கி மைதானத்து ஓரப் பெஞ்சுக்கு மாறியிருந்த தபால்காரம்மா அங்கேயும் தூங்கிக்கொண்டிருந்தாள். போனைப் பார்த்தால் வரிசையாக விட்டுப்போன அழைப்புகள். கணவர், அண்ணன், கணவர், அண்ணன். கடைசியாக ஒரு குரல் செய்தி, இருவரும் ஒரே போனில் வாயை வைத்து. "ஃபில்டரைக் கையால இறுக்கினதா ஸ்பேனராலயான்னு எங்களுக்குள்ள ஒரு டவுட்டு, வண்டிய எங்கயும் எடுக்காத" என்றது.

அதை அழித்தாள். மேலதிகாரி அம்மாவுக்கு அடித்தாள்.

"மேடம், லைசென்ஸ் வாங்கியாச்சு. திங்கட்கிழமை முதல் வீடு எதுன்னு சொல்லுங்க."

அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு. பிறகு முகவரி சொல்ல ஆரம்பித்தாள். நடுவே கணவரின் அழைப்பு கிர்கிர்ரென்று குறுக்கே வந்தது. அடிக்கட்டும் என்று விட்டாள். பையைத் துழாவிப் பேனாவை எடுத்து, காகிதம் கிடைக்காமல் புறங்கையில் எழுதப் போனாள். தோலில் இன்னும் ஆயில். எழுத்து பிடிக்கவில்லை.

"மெதுவா சொல்லுங்க மேடம்," என்று கையைச் சேலையில் அழுத்தித் துடைத்துக்கொண்டாள், "கதவு நம்பர்லேர்ந்து திரும்ப."